இண்டைக்கு விளக்கு நீங்கள் வையுங்கோ

எங்கள் வீட்டில் மாதவிடாய் என்ற சொல்லை எவரும் வாயால் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்: "மாமி, இண்டைக்கு விளக்கு நீங்கள் வையுங்கோ." அதைச் சொல்லிவிட்டால் நான் சாமி அறைப் பக்கம் போகமாட்டேன், மாமி விளக்கைக் கொளுத்துவார், சங்கதி முடிந்தது. புளியங்கூடல் என்ற இந்தத் தீவுக் கிராமத்துக்கு மருமகளாக வந்த முதல் கிழமையே மாமி, என் கணவரின் தாயார், இந்த வசனத்தை எனக்குச் சொல்லித் தந்தார். ஏதோ குடும்பச் சொத்தை ஒப்படைக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். நான் கரம்பொன்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பையைக் கரும்பலகையில் கீறி, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி விளங்கப்படுத்துகிறவள். அதை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் பற்றிக் கதைக்கவேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டில் மாமிக்கு ஒரு வசதி இருந்தது. வாயைத் திறந்து எதையும் கேட்காமலே என் வயிற்றின் நிலவரம் அவருக்குத் தெரிந்துவிடும். நான் அந்த வசனத்தைச் சொல்லும் ஒவ்வொரு மாதமும் அவர் முகம் சுருங்கும். "ம்" என்பார். அன்று பின்னேரமே கனடாவில் இருக்கும் மகளுக்கு அழைப்புப் போகும். அந்த மகள் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். கல்யாணமாகிக் கனகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறகு ஒரு மகனைப் பெற்றவர். நயினாதீவு அம்மனுக்கு மாமி வைத்த நேர்த்தியால் கிடைத்த பிள்ளை அவன் என்பது இந்த வீட்டின் வேதவாக்கு. "உன்ரை மச்சாள் ஒரு டொக்டரிட்டையும் போகேல்லை. அம்மன்தான் குடுத்தவ" என்று மாமி எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. மச்சாளும் தொலைபேசியின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

கடைசி இரண்டு வருடங்களில் நிலைமை மோசமானது. இரத்தம் போகத் தொடங்கினால் நிற்காது. மாதத்தில் பாதி நாள் விளக்கு என் கையில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கடும் நிறச் சேலைகளாகப் பார்த்துக் கட்டினேன், கைப்பைக்குள் மாற்றுப் பாவாடை வைத்திருந்தேன், கதிரையிலிருந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கிணறு உவர். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கறையும் போகாது. குடிக்கவென்று வாங்கி வைத்த நல்ல தண்ணீரில் பாதியை ஒளித்து வைத்து உள்பாவாடை தோய்த்தேன். படிக்கட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. "இவளுக்கு மாதத்திலை பாதி நாள் துடக்கு" என்று மாமி பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இரத்தம் போவது எனக்கு, அலுப்பு அவருக்கு.

அறிவுரைக்கு மட்டும் இந்தத் தீவில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. வாசலில் நின்று கதைக்கிற எவரும் வைத்தியராகிவிடுகிறார்கள். ஒருத்தி வெந்தயத்தை ஊறவைக்கச் சொன்னாள். இன்னொருத்தி செவ்வாய்தோசத்தைப் பார்க்கச் சொன்னாள். மூன்றாவது ஒருத்தி, தானே நாலு பெற்றுவிட்டு நாலையும் வெளிநாட்டுக்கு அனுப்பித் தனியாக இருக்கிறவள், "படிப்பிக்கப் போய் வெயிலுக்குள்ளை நிக்கிற பொம்பிளையளுக்கு உப்பிடித்தான்" என்றாள். நான் படிப்பிப்பது கூரைக்குக் கீழே என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. விளங்குகிற ஆளாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

நானும் கணவரும் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை செய்யும் ஒரு டொக்டரிடம் போனோம். பிள்ளைக்கென்று போன எங்களை அவர் பாதி வழியில் நிறுத்திவிட்டார். ஸ்கானில் கர்ப்பப்பைக்குள் நார்க்கட்டிகள் இருந்தன. சிறியவை சிலவற்றை அப்படியே விடலாம் என்றார். ஒன்று பெரியது. அது பைக்குள்ளே தள்ளிக்கொண்டு நின்றது. "இதை வைச்சுக்கொண்டு நாங்கள் கருவைக் கொண்டுபோய் வைச்சால், அது ஒட்டுறதுக்கு இடமில்லை" என்றார். முதலில் மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. அது இரத்தப்போக்கை நிறுத்தும், கட்டியைச் சுருக்கும், எனக்குக் கொஞ்சம் இரத்தம் ஊற அவகாசம் தரும். மூன்றாவது ஊசியோடு வெட்டி எடுக்கவேண்டும். பிந்தினால் ஊசியின் வேலை முடிந்து கட்டி பழையபடி வளரும், ஊசியையும் சும்மா நீட்டிக்கொண்டு போக ஏலாது. வெட்டிய காயம் ஆறச் சில மாதம். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கான சிகிச்சை.

இன்னொன்றும் சொன்னார். வெட்டும்போது இரத்தம் கட்டுப்படாவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி நடப்பது குறைவு, ஆனால் சொல்லவேண்டியது தன் கடமை என்றார். எனக்கு முப்பத்தொன்பது வயது. அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கட்டி போகவேண்டும், பை இருக்கவேண்டும். பிள்ளை கிடைப்பதும் கிடையாததும் பிறகு பார்க்கலாம், பார்ப்பதற்கு ஒரு பை வேண்டுமே.

திரும்பி வரும்போது, தீவுக்கு வருகிற பண்ணைப் பாலத்தில் கணவர் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினார். கடற்காற்று வாங்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்தேன். "இஞ்சரும், அம்மாவுக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார். டொக்டர் சொன்ன அத்தனையையும் கேட்டுவிட்டு அவருக்குத் தோன்றிய முதல் கவலை அதுதான். நல்ல மனிதர், குடியில்லை, சத்தமில்லை, அலுவலகத்தில் எல்லோரும் மெச்சுகிறார்கள். தாயாருக்கு முன்னால் மட்டும் அவருக்கு வாயிருந்தும் இல்லாத கணக்கு.

முதல் ஊசி போட்டுச் சில நாளில் இரத்தம் நின்றது. அந்த ஆறுதலை எப்படிச் சொல்வது. வெள்ளைச் சேலை கட்டினேன். ஒருநாள் கதிரையைத் திரும்பிப் பார்க்காமலே எழும்பிப் போனேன், பாதி வழியில்தான் அது எனக்கே தெரிந்தது. ஆனால் ஊசி இனாமாக ஒன்றும் தருவதில்லை. உடம்பு திடீரென்று கொதிக்கும், முகம் சிவக்கும், சட்டை நனையும். மாதவிடாய் நிற்கிற வயதில் வருகிற சூடு, கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட அதே சூடு. பைக்குள் கட்டி இருந்தபடியால் வயிறும் தள்ளிக்கொண்டுதான் நின்றது. கர்ப்பப்பையின் அளவைச் சொல்ல டொக்டர்மாரிடம் வேறு அளவுகோல் இல்லை. "இப்ப நாலு மாதக் கர்ப்பத்தின்ரை அளவு" என்றுதான் அவரும் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் போனது, விளக்கை நான் வைத்தேன். அடுத்த மாதமும் நானே வைத்தேன். மாமி என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், வேர்த்த முகத்தைப் பார்த்தார், கணக்குப் போட்டு முடித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது மீன்காரர் மூலமாகத்தான். வாசலில் அவரிடம் மாமி, இன்னும் சில மாதத்தில் பால்சுறா தேவைப்படும், மறக்காமல் கொண்டுவரவேண்டும் என்று சொல்லிவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற மீன் அது. முற்றத்தில் ஒரு பாயில் மஞ்சளும் மிளகும் மல்லியும் காய்ந்தன. பிள்ளை பெற்ற வீட்டில் வைக்கிற சரக்குக் கறிக்கு இப்போதே சரக்கு இடிக்கிறாராம். நான் முற்றம் கூட்டப் போனால் கூட்டுமாறை என் கையிலிருந்து பறித்தார். அதுவரை அந்த வீட்டில் கூட்டுமாறு என்னிடமிருந்து எவராலும் பறிக்கப்பட்டதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் கணவரைப் பிடித்து, தாயாரிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. மாமி ஏற்கனவே அவரிடம் நேரில் கேட்டிருக்கிறார். இவர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாராம். ஒரு சிரிப்பால் பிள்ளை உண்டாக்கிய ஆம்பிளை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "அம்மா சந்தோசமாய் இருக்கிறா. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே" என்றார்.

இவரை நம்பிப் பயனில்லை என்று நானே குசினிக்குப் போனேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, மெதுவாக, வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது பிள்ளை இல்லை, கட்டி. இரத்தம் நின்றது ஊசியால். வெட்டி எடுக்கத் திகதியும் தந்திருக்கிறார்கள். மாமி திருவலகையிலிருந்து எழும்பி வந்து, தேங்காய்ப்பூ ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு விளங்குது பிள்ளை. கண்ணூறு படக்கூடாது. இனி ஆர் கேட்டாலும் உப்பிடியே கட்டி எண்டு சொல்லு" என்றார். பிறகு, "உனக்கு இவ்வளவு புத்தி இருக்கெண்டு நான் நினைக்கேல்லை" என்று மெச்சினார். கல்யாணமாகி அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. ஸ்கான் படத்தைக் காட்டினேன். கட்டியைத் தொட்டுப் பார்த்து, "தலை மாதிரித்தான் கிடக்குது" என்றார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு உறுதி கூடியது. ஊருக்கும் அவரே கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சந்தியில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரப் பெண் வயிற்றைப் பார்த்து, "கட்டியாமே ரீச்சர்" என்று கண்ணைச் சிமிட்டினாள். பஸ்ஸில் எனக்கு இடம் தந்தார்கள். வெந்தயக்காரி வந்து, "கட்டியை வடிவாய்ப் பாத்துக்கொள்ளும்" என்று கையைப் பிடித்துச் சிரித்துவிட்டுப் போனாள். ஒரு தீவு முழுவதும் சேர்ந்து என் நோயை அதன் சரியான பெயரால் அழைத்துக்கொண்டு, அது நோய் இல்லை என்று நம்பியது. இவ்வளவு ஒற்றுமை இந்த ஊரில் வேறெதற்கும் நான் கண்டதில்லை. ஒரு வாய்க்கால் வெட்டுவதற்கு ஒன்றுசேரமாட்டார்கள்.

நயினாதீவுத் திருவிழாவுக்கென்று மச்சாள் கனடாவிலிருந்து வந்து இறங்கினார். பெட்டி திறந்தபோது எனக்கென்று வயிறு பெருத்தவர்கள் போடும் சட்டைகள் இருந்தன. அவர் முகம் மட்டும் மாமியின் முகம்போல மலர்ந்திருக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். மாமி ஒரு சின்ன வெள்ளித் தொட்டில் செய்வித்து வைத்திருந்தார். அதை அம்மனுக்குக் கொடுக்க நானும் வரவேண்டுமாம். அடுத்த கிழமை என்னை வெட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் திகதி. வீண் சண்டை வேண்டாம் என்று போனேன்.

குறிகட்டுவான் துறையில் படகு ஏறினோம். திருவிழாக் காலம், கீழ்த்தட்டில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. மாமி முன்வரிசையில் தொட்டிலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இயந்திரச் சூடும் சனத்தின் மூச்சும் சேர, எனக்குள் அந்தக் கொதிப்பு கிளம்பியது. கழுத்து, முகம், காது எல்லாம் பற்றி எரிந்தது. சட்டை தோய்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மச்சாள் தன் சால்வையால் எனக்கு விசிறினார். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"உமக்கு இது எத்தினையாவது ஊசி?"

மூன்றாவது என்றேன்.

"எனக்கும் மூண்டாவதிலைதான் சரியான வேர்வை" என்றார். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

மிச்சத்தை நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தேன். கனடாவில் அவருக்கும் இதே கட்டிதான். இதே ஊசி, இதே வெட்டு. ஆறும்வரை இருந்து, சிகிச்சைக்குப் போய், அதில் தங்கியதுதான் அந்த மகன். மாமிக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் நான் விளக்கை விட்டுக்கொடுத்த செய்தி கனடாவுக்குப் போனபோது, இந்த மனுசி எல்லாம் தெரிந்துகொண்டு ம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் முன்னதாக நான் ஸ்கான் செய்திருப்பேன். கடலுக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது. படகில் அதற்கும் இடமில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "அம்மா சந்தோசமாய் இருந்தவ" என்றார். தம்பியும் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்தது. இப்போதாவது தாயாரிடம் சொல்லுங்கள் என்றேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கதைப்பதில்லை என்றார். முன்வரிசையில் மாமி திரும்பி எங்களைப் பார்த்துச் சந்தோசப் புளுகத்தோடு சிரித்தார். மகளும் மருமகளும் தலையோடு தலை வைத்துக் கதைக்கிறார்கள் என்ற பூரிப்பு. கோயிலில் அந்தத் தொட்டிலை என் கையால்தான் கொடுக்கவேண்டும் என்றார். கொடுத்தேன். அம்மன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவ ஒருத்திதான் இந்தக் கதையில் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லாதவ.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மெல்ல ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் போகும்வரை ஆஸ்பத்திரி அலுவலைத் தள்ளிப்போட்டால் என்ன, ஒரு மாதம்தானே என்றார். கட்டிக்கு அதைச் சொல்லுங்கள், உங்கள் அக்காவின் பயணச்சீட்டைக் காட்டி வளராமல் இருக்கச் சொல்லுங்கள் என்றேன். பையைக் கட்டினேன்.

போகிற அன்று காலையில் மாமி வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி என்பது உண்மைதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ஆனால் கட்டி உண்மை என்று உறைக்கவில்லை. பிள்ளை இருக்கிறது, மருமகள் வெட்டப் போகிறாள் என்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. "பிள்ளையை அழிக்கப் போறாள்" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதார். வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் முளைத்தன. கணவர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். மச்சாள் விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றேன்.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தார். வேலியைப் பார்த்தார். பிறகு தாயாரைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா, எனக்கும் உதே கட்டிதான். வெட்டி எடுத்தவை. பேந்து டொக்டர்மார் குடுத்த பிள்ளைதான் அவன்."

மாமியின் அழுகை நின்றது. நான் கட்டி என்றால், அது கண்ணூறுக்குப் பயந்து சொல்வது. மகள் சொல்வதற்கு அந்தச் சாட்டு இல்லை, அவளுக்குத்தான் ஏற்கனவே பிள்ளை இருக்கிறதே.

"அப்ப நான் வைச்ச நேத்தி?" என்று கேட்டார்.

மச்சாள் போய்க் கோப்பையைத் திரும்ப எடுத்தார். எனக்கு நேரம் இல்லை. மாமி படலையை விட்டு விலகினார் என்று சொல்லமுடியாது, பிடித்திருந்த கை தானாக விழுந்தது. நான் வெளியே வந்தேன். கணவர் ஓட்டோவில் ஏறினார். அன்றைக்கு அவர் செய்த வீரச்செயல் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு பழையதைத் திரும்பச் சொன்னார். இரத்தம் கட்டுப்படாவிட்டால் பையை எடுக்கவேண்டி வரும், சம்மதமா? நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "ஆள்தான் முக்கியம் டொக்டர். பிள்ளை இல்லாட்டிப் பரவாயில்லை" என்றார். தாயார் இல்லாத இடத்தில் அவருக்கு வாய் இருந்தது. அந்த ஒன்றுக்காக அவரை இகழ முயன்று பார்த்தேன், வரவில்லை. ஆனால் எனக்குப் பரவாயில்லை இல்லை. இயன்றவரை பையை விட்டுவிடுங்கள் டொக்டர் என்று நான் தனியாகச் சொன்னேன்.

மயக்கம் தெளிந்தபோது என் நாக்கு ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் நின்ற தாதியிடம், நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிறவளிடம், பை இருக்கோ என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டேன். "இருக்கம்மா, பேசாமல் படுங்கோ" என்றாள். அழுகை வந்தது. வயிற்றில் தையல், அழவும் ஏலாது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் அழுதேன்.

எடுத்ததை வீட்டுக்காரருக்குக் காட்டுவது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். பிறகு ஒருவரும் எதையும் மறுக்கக்கூடாது என்பதற்காக இருக்கவேண்டும். மிஸி ஒரு தட்டோடு கதவுக்கு வெளியே வந்து என் ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கணவர் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். அதற்குள் மாமியும் மச்சாளும் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார்கள். மாமி கிட்டப் போய் நின்று பார்த்திருக்கிறார். உரித்த கிழங்குபோல வெள்ளையாக, கட்டியாக, தலையும் இல்லை காலும் இல்லை. மிஸி அவசரம் என்று சொல்லும்வரை அவர் நகரவில்லை. "இதுக்கோ நான் சரக்கு இடிச்சனான்" என்று மட்டும் சொன்னாராம். கணவர் இதை எனக்குச் சொன்னபோது சிரிக்கக்கூடாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். தையல்தான் காரணம், மரியாதை இல்லை.

இடித்த சரக்கை மாமி வீணாக்கவில்லை. காயம் ஆறவென்று எனக்கே அந்தக் கறியைக் காய்ச்சித் தந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பார். நல்ல கறி, அதைச் சொல்லத்தான் வேண்டும். மச்சாள் திரும்பிப் போனார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார், நான் பிடிக்கவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. நான் பிள்ளையை அழித்தவள் என்று ஒரு பாதி. கண்ணூறு பட்டுப் பிள்ளை கட்டியாக மாறிவிட்டது என்று மறுபாதி. கட்டி என்று கண்ணைச் சிமிட்டிய கடைக்காரப் பெண் இந்த இரண்டாவது கட்சி. கட்டியாகவே இருந்தது என்று சொல்ல மட்டும் ஒரு கட்சியும் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ஊசியின் வேலை முடிந்ததும் மாதவிடாய் தானாகத் திரும்பவேண்டும், அது அளவாக வந்தால் பை நன்றாக ஆறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், வந்ததும் அறிவியுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெட்டித் தைத்த இடம் உள்ளே ஒட்டிக்கொண்டால் வராமலே போகலாம் என்று நானே தொலைபேசியில் தேடிப் படித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் விளக்கை நானே வைத்தேன். எந்த இரத்தத்தை இரண்டு வருடம் சபித்தேனோ அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மாமியும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி தூக்காதே, குனியாதே என்றார். தையலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை அது வந்தது. கொஞ்சமாக, ஒழுங்காக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவதுபோல. குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் மூச்சு விட்டேன். பிறகு குசினிக்குப் போனேன்.

"மாமி, இண்டைக்கு விளக்கு நீங்கள் வையுங்கோ."

அவர் கையிலிருந்த அகப்பை நின்றது. என் வயிற்றைப் பார்த்தார். பலகையில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, செத்த வீட்டில் அழுவதுபோல அழத் தொடங்கினார். தட்டில் வைத்துக் காட்டிய பிறகும், மகள் வாயாலே சொன்ன பிறகும், இந்த மனுசி விளக்கெரிந்த நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல நான் நிற்கவில்லை.

முற்றத்துக்கு வந்து டொக்டரின் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெந்தயக்காரியும் இன்னொருத்தியும் நின்று ஊர் விடுப்புக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸி, எனக்கு மாதவிடாய் வந்திட்டுது" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கதை நின்றது. எப்படிப் போகிறது என்று மிஸி கேட்டாள்.

"அளவாய்த்தான் போகுது" என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.